சட்டைப் பையில் ஒரு பாஸ்வேர்டு

பென்ஷன் வாங்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் நான் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு யுத்தம் ஆரம்பித்தேன். கம்பெனிக்கு இன்றுவரை அது தெரியாது. குழித்துறை முழுக்கத் தெரியும்.

காரணம் சீட்டாட்டம். கம்ப்யூட்டரில் ஒற்றை ஆளாக ஆடுவது. நாலாயிரத்து எழுநூறு ஆட்டம் தோற்றிருந்தேன். என் மனைவி தேவகனி நாற்பது என்பாள், அவளுக்கு எதையும் பெரிதாகப் பார்க்கத் தெரியாது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயிக்கப் போகிறேன். கடைசிச் சீட்டைத் தூக்கிவைக்கக் கை போகிறது, திரை நீலமாகிவிட்டது. 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், அணைக்க வேண்டாம்' என்றது. நான் அணைக்கவில்லை. ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது கண் விழித்தபோது என் சீட்டுக்கட்டே இல்லை. இருந்த இடத்தில் ஏதோ விளம்பரம் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து முடிதிருத்தும் கடையிலும் ஜங்ஷன் டீக்கடையிலும் என் பிரசங்கம்தான். சோப்பு நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகூடப் பேசியிருக்கிறேன்.

"வீடு உனக்க வீடு. காலம்பற எழும்பிப் பாத்தா கொத்தனாரு வந்து அடுக்களையத் தூக்கிக் கக்கூசுப் பக்கம் வச்சிருக்கான். கேட்டா, 'இது உங்களுக்கு நல்லது'ங்கான். விடுவியா?"

"அப்டேட்டு நல்லதுக்குன்னுதானே ஓய் செய்யானுவ?" என்பார் குமாரதாஸ். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு இருபது வருஷக் கூட்டாளி.

"நல்லதுன்னா கேட்டுட்டுச் செய்யட்டும். உமக்க பல்லு சொத்தைன்னா, நீரு உறங்கும்போ வந்து புடுங்கீட்டுப் போவானா டாக்டரு?"

கடை சிரிக்கும். இந்தப் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட இன்றும் நான் வாபஸ் வாங்கவில்லை. அவ்வளவும் சரி. அது சரியாக இருப்பதுதான் என்னை இன்னும் கேவலமாக்குகிறது.

ஏனென்றால் நான் யார்? மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன். கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர் ரசலையன். யாரையும் கேட்காமல் கரண்டை நிறுத்தியே உத்தியோகம் பார்த்தவன். கல்யாண மேடையில் மாலை மாற்றுகிற நேரம் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். பேப்பரில் ஒரு மூலையில் 'பராமரிப்புப் பணி' என்று நாலு வரி வந்திருக்கும். சொல்லியாயிற்று என்று அர்த்தம்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கம்பத்தில் ஏறுமுன் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையை உருவி, ஏறுகிறவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டை இல்லாமல் லைனில் கரண்டு வராது. அவன் இறங்கிவந்து தன் கையால் திரும்பச் சொருகும்வரை தேவதூதன் வந்து கெஞ்சினாலும் வெளிச்சம் கிடையாது. அது அவன் உயிர். ஒருமுறை குளச்சலில் வேலை முடிந்ததும் கட்டையைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, நெத்திலிக் குழம்பும் சோறும் தின்று உறங்கிப்போனேன். அன்று அங்கே ஐஸ் பேக்டரி மொத்தமும் உருகி, கடல் இரண்டு அங்குலம் உயர்ந்தது. வேண்டுமானால் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள், ஒரு அங்குலமாவது ஒத்துக்கொள்வார்கள்.

சிரிக்கிற கதையாகத்தான் இதை எல்லோரிடமும் சொல்லிவந்தேன், சஜிதாவின் கம்ப்யூட்டர் என் கைக்கு வரும்வரை.

சஜிதா பக்கத்து வீட்டுப் பெண். நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. அப்பா இல்லை. அம்மா ஜெபமணி அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள், தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை இரண்டும் கரிச்சட்டியின் அடிபோல இருக்கும். வேதக்கோவிலில் இராப்போஜன அப்பம் வாங்கும்போது மட்டும் அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நீட்டுவாள். மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டால் அம்மாவை அந்த ஆபீசிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் சஜிதாவின் ஒரே திட்டம்.

இரண்டாயிரத்துப் பதினாறு, ஆடி மாதம். ஒரு காலையில் துபாயில் இருக்கும் அண்ணன் பெனின் வாங்கி அனுப்பியிருந்த லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, நேத்து மூடி வச்சேன். காலம்பற திறந்தா வேற யாருக்கவோ கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு. எல்லாம் மாறிப்போச்சு. கேமராவும் எடுக்க மாட்டேங்கு. அடுத்த மாசம் மஸ்கட் இன்டர்வியூ, கேமராலதான் கேப்பாங்களாம்."

எதிரி அடுத்த வீடுவரை வந்துவிட்டான்! எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் முகம் வாடியிருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். புதியதை விரட்டிவிட்டுப் பழையதையே திரும்பக் கொண்டுவந்தேன். அதற்கு வழி இருந்தது, கம்பெனியே வைத்திருந்த வழிதான், டீக்கடையில் நான் அதைச் சொல்லவில்லை. கேமரா வேலை செய்தது. அத்தோடு மூடிக் கொடுத்திருந்தால் நான் நல்ல மனுஷன்.

ஆனால் வெற்றி தலைக்கேறியிருந்தது. இனி எந்த அப்டேட்டும் உள்ளே வராதபடி ஒவ்வொரு வாசலாக அடைத்தேன். பிறகு கம்ப்யூட்டருக்கு முதலாளி என்று ஒரு தனிக் கணக்கு உண்டாக்கி, அதற்கு என் பாஸ்வேர்டைப் போட்டேன். சஜிதாவுக்குச் சாதாரணக் கணக்கு. அவள் படம் பார்க்கலாம், கடிதம் அடிக்கலாம், மெயில் பார்க்கலாம். புதிதாக எதை உள்ளே ஏற்றுவதென்றாலும் கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டைக் கேட்கும்.

பீஸ் கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். சஜிதாவிடம் சொன்னேனா? எந்த லைன்மேன் பொதுஜனத்திடம் சொல்லியிருக்கிறான்?

காப்பி கொண்டுவந்த தேவகனி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, தனியா இருந்து இளிச்சிட்டிருக்கிய?"

"ஒரு பூட்டுப் போட்டேன்."

"யாருக்க வீட்டுக்கு?"

"உனக்கு அதொண்ணும் வெளங்காது."

"எனக்கு வெளங்காண்டாம். வீட்டுக்காரிக்கு வெளங்குமா?"

கேட்டாள் பாருங்கள்! காப்பியில் சூடு போதாது என்றேன்.

அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு சஜிதாவுக்கு இன்டர்வியூ. வியாழக்கிழமையே கேமராவைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டாள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் அந்தச் சனிக்கிழமை ஓய்வூதியர் கூட்டத்தோடு திற்பரப்பு அருவிக்குப் போனேன். ஏழு கிழவன்மார், ஒரு வேன், இரண்டு பாட்டில் எண்ணெய். வேனில் ஏறியதும் நான் செய்த முதல் காரியம் எல்லோரும் பார்க்கும்படி என் செல்போனை அணைத்ததுதான்.

"எதுக்கு ஓய் அணைக்கிய?" என்றார் குமாரதாஸ்.

"எனக்க போனு. நான் நெனைக்கும்போ பேசுவேன், நெனைக்கும்போ அணைப்பேன். எவனுக்கும் நான் அடிமையில்ல."

"வீட்டுல ஒரு அவசரம்னா?"

"அவசரம்னா என்னது? நம்ம கையில போனக் குடுக்கதுக்கு அவனுவ கண்டுபிடிச்ச வார்த்தை ஓய் அது. எனக்க அப்பன் போனு இல்லாமத்தான் எண்பது வயசு இருந்தாரு."

"உமக்க அப்பன் அம்பத்தேழுல போனவருல்லா?"

"போனு இருந்திருந்தா முப்பதுலயே போயிருப்பாரு."

ஏழு பேரும் சிரித்தோம். அருவியில் நல்ல வெள்ளம். தலையில் தண்ணீர் இடிக்க இடிக்கத் தனிமனித சுதந்திரத்தைப் பற்றிப் பேசினேன். அருவிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் பக்கத்தில் குளித்த கொல்லத்துக்காரர் ஒருவர் தலையாட்டினார். அப்போது மணி பத்தே முக்கால் இருக்கும். பிறகு நான் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வீடு வந்தபோது தேவகனி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"போன எங்க தொலைச்சிய? அந்தப் பிள்ள பதினோரு தடவ விளிச்சிருக்கா. நான் நாலு தடவ விளிச்சேன்."

"என்னா காரியம்?"

"இன்டர்வியூ நடக்கல."

நடந்தது இதுதான். முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒரு செயலி உண்டல்லவா, அது அன்று காலை திறந்ததும் 'இந்தப் பழைய பதிப்பு இனி ஓடாது, புதியதை ஏற்று' என்றிருக்கிறது. சஜிதா சரி என்று அழுத்தியிருக்கிறாள். உடனே ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. அவள் தன் மெயிலின் பாஸ்வேர்டைப் போட்டாள், துபாய்க்குப் போன் செய்து பெனினுடையதைக் கேட்டுப் போட்டாள், தன் பிறந்த தேதியைப் போட்டாள். எனக்கு விளித்தாள். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன், அதில் முகம் பார்த்துப் பேச வழியில்லை. கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷன் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடியிருக்கிறாள். அங்கே இருந்த இரண்டு கம்ப்யூட்டரிலும் கேமரா இல்லை. இவள் லேப்டாப்பைத் திறக்க அவர்களாலும் ஆகவில்லை. பதினொன்றுக்கு அவள் நேரம் முடிந்தது.

அந்தச் சின்னப் பெட்டி கேட்டது யார் பாஸ்வேர்டை என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் தலையில் ஈரத் துவர்த்தைக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்றான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். சத்தியம். சஜிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்டர்வியூவுக்கென்று கட்டிய நீலப் புடவை, அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழும்பி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாமா, நீங்க செல்லது அத்தனையும் செரி. கம்பெனிக்காரனுவ நம்மள அடிமையாத்தான் வச்சிருக்கானுவ. ஒரு வார்த்த முன்னாடி செல்லாம நிறுத்திப்போட்டானுவ. பாஸ்வேர்டும் கேக்கானுவ, எந்தப் பாஸ்வேர்டுன்னே தெரியல. நீங்க வீட்டுல இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல செரியாக்கியிருப்பிய."

ஒரு நிமிஷம்கூட ஆகாது. பத்து விநாடி.

வாயைத் திறந்தேன். அதிலிருந்து வந்தது இது: "நான் அன்னைக்கே சொன்னேன்லா மக்கா."

ஜெபமணி கட்டன் காப்பி கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். கொஞ்சம் சர்க்கரை கூடக் கேட்டேன் என்றும் ஞாபகம்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு ஆண்கள் ஐக்கியக் கூட்டம், அன்றைக்குப் பெண்களும் இருந்தார்கள். செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது. 'ரசலையன் சார் சொன்னது அப்படியே பலிச்சுப்போச்சு' என்று கை கொடுத்தார்கள். ஐக்கியத் தலைவர் முத்துநாயகம், "இன்னைக்கு நம்ம சாரு இதப் பத்தி ரெண்டு வார்த்த பேசட்டும்" என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழுந்தேன். எழுந்தபிறகு என்னைப் பிடிக்க முடியுமா? இருபது நிமிஷம் பேசினேன். கோலியாத்தை இழுத்தேன், பார்வோனை இழுத்தேன், 'ஏழைப் பெண்ணின் கண்ணீர்' என்ற இடத்தில் என் குரலே தழுதழுத்தது. என் வாழ்க்கையில் அதுபோல நன்றாகப் பேசியதில்லை. முன்வரிசையில் ஜெபமணி அந்தக் கறுத்த கையால் கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. விரால் மீன் அப்படியே கிடந்தது.

"உங்க மூஞ்சில கரண்டு போயிருக்கு," என்றாள் தேவகனி. "பீஸ எங்க வச்சிய?"

எழும்பிக் கை கழுவினேன்.

அன்று மாலை, மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கும் கொச்சி ஏஜென்சி சஜிதாவுக்கு மெயில் அனுப்பியது. சனிக்கிழமை வராமல் போனவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு, ஆனால் தகுந்த காரணம் வேண்டும். கம்ப்யூட்டர் கோளாறு, நெட் இல்லை, கரண்டு இல்லை என்பதெல்லாம் செல்லாது, அவற்றைச் சரிபார்த்து வைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. வேறொருவரால் தடை வந்திருந்தால் அந்த ஆளே கையெழுத்திட்டுப் போன் நம்பரோடு கடிதம் தர வேண்டும். திங்கள் மத்தியானம் பன்னிரண்டு மணி கடைசி.

திங்கள் காலை ஒன்பதுக்கெல்லாம் சஜிதா லேப்டாப்போடு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, கம்பெனியும் 'வேறொருவர்'தானே? அவனுவளுக்க தப்புன்னு நல்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் செல்லுங்க, நான் அடிக்கியேன். நீங்க சாட்சிக் கையெழுத்து போடுங்க. மின்வாரியம்னு போட்டா ஒரு மதிப்பு இருக்கும்லா."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். 'மதிப்பிற்குரிய அம்மையீர், உலகமெங்கும் தனிமனித சுதந்திரத்தைக் காலில் போட்டு நசுக்கிவரும் தொழில்நுட்ப ஏகாதிபத்தியத்தின்...'

அவள் விரல் நின்றது. "மாமா, சுதந்திரம் வேண்டாம். காரணம் மட்டும் செல்லுங்க."

"செரி, அழி." மறுபடி சொன்னேன். 'எங்கள் பகுதியில் சனிக்கிழமை விழுந்த பயங்கர இடியினால்...'

"சனிக்கிழம வெயிலுல்லா அடிச்சு."

"அழி." வயரைக் கடித்த பெருச்சாளி ஒன்றும் வந்தது, ஆட்டுக்குட்டி அளவு. அதையும் அழித்தாள். மெயிலைத் திறந்து மறுபடி வாசித்தாள். "கோளாறுன்னு எழுதினா எடுக்க மாட்டாங்க மாமா. ஆளு வேணுமாம். ஒரு ஆளு." அவள் குரல் இறங்கிவிட்டது. "கம்பெனிக்கிட்டப் போயி யாரு கையெழுத்து வாங்க?"

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். அடுக்களையில் தேவகனி தேங்காய் திருவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"எழுது," என்றேன். 'விண்ணப்பதாரரின் லேப்டாப் ஒரு மாதத்துக்கு முன் அவர் பக்கத்து வீட்டுக்காரரால் பூட்டப்பட்டது.'

அவள் அடித்தாள். 'பூட்டப்பட்டது' வந்ததும் நிமிர்ந்தாள். "எந்தப் பக்கத்து வீட்டுக்காரரு?"

"எழுது மக்கா. 'அவருக்கு அறிவிக்காமலும் அவர் சம்மதம் கேட்காமலும், தன் சொந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டினார். சனிக்கிழமை அந்தப் பாஸ்வேர்டு கேட்கப்பட்டபோது அவர் தன் போனை அணைத்துவிட்டு அருவியில் குளித்துக்கொண்டிருந்தார். தவறு முழுவதும் அவருடையது. இப்படிக்கு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்...'"

பெயரை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அடிக்கவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன், எனக்குத் தெரியாத வித்தையா?

"ஒரு வாட்டி செல்லியிருக்கலாமே," என்றாள். அந்தச் சின்னப் பெட்டியைத் திரையில் வரவழைத்துக்கொண்டு, "பாஸ்வேர்டு செல்லுங்க," என்றாள்.

"நானே போடுதேன்..."

"செல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக.

"உங்க பேரா?"

"ஆமா. பேருக்குப் பொறவு ராஜா."

"என்னது?" என்றாள் தேவகனி அடுக்களை வாசலிலிருந்து.

"ராஜா."

"எந்த ராஜா?"

"சும்மா ராஜாதான்."

"எல்லாம் சின்ன எழுத்தா மாமா?"

"ராஜாவுக்கு மட்டும் பெரிய எழுத்து."

தேவகனி திருவிய தேங்காயோடு உள்ளே போய்விட்டாள். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனுஷனைத் துணியில்லாமல் ஜங்ஷனில் நிறுத்தினால்கூட எங்கேயாவது ஒரு மரத்தின் பின்னால் ஒதுங்கலாம். என் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

செயலி புதிதாக ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு சதவீதம், பதின்மூன்று சதவீதம். நான் ஊர் முழுக்கச் சபித்த அதே கோடு, அதே பொறுமை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மாதமாக வாசலில் நிறுத்தப்பட்டிருந்ததற்கு அது ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை.

கடிதத்தை ஜங்ஷனில் அச்செடுத்து, நான் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணிப் பதினொன்றே காலுக்கு அனுப்பினோம். போன் நம்பர் என்னுடையது. திரும்பி வந்து போனை மேசை நடுவில் வைத்துக் காவல் இருந்தேன், மூத்திரத்துக்குக்கூட எழும்பவில்லை. மூன்று மணிக்கு அடித்தது. சஜிதா எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள். அதற்குள் ஜெபமணியும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அண்டி ஆபீசிலிருந்து வந்து நின்றிருந்தாள்.

ஏஜென்சிப் பெண் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினாள். கடிதம் நீங்கள் எழுதியதுதானா என்றாள். ஆமாம் என்றேன்.

"அந்தக் குட்டி கேட்டிட்டாணோ பூட்டினது?"

"இல்ல. அவ கேக்கல. நானும் கேக்கல."

"பின்ன எதுக்கு சாரே?"

பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. கோலியாத் இருந்தான், பார்வோன் இருந்தான், அடுக்களையை மாற்றிவைத்த கொத்தனார் இருந்தார். கம்பெனியாவது 'புதுப்பிக்கிறோம்' என்று திரையில் ஒரு வரி எழுதிக் காட்டியது. நான் அதுகூடச் செய்யவில்லை. மூன்று பெண்களும் என் வாயைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பும்மா," என்றேன்.

அந்தப் பக்கம் பேப்பர் புரளுகிற சத்தம். "அதக் காரணமா எழுதிக்கோட்டே?"

"எழுதிக்கிடுங்க."

ஜெபமணி அப்போதுதான் முழுவதும் புரிந்துகொண்டாள். முந்தின நாள் தான் அழுதது எதற்காக என்று யோசித்திருப்பாள். படியிறங்கிப் போனாள்.

புதன்கிழமை சஜிதாவுக்கு மறுபடி இன்டர்வியூ வைத்தார்கள். தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் மிக்சி போடக்கூடாது, டி.வி. போடக்கூடாது, நான் இருமக்கூடாது என்று தேவகனி உத்தரவு. இருமாமல் ஒரு மணி நேரம் கிணற்றடியில் நின்றேன். வேலை கிடைத்தது. ஆனால் அவள் கேட்ட தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை. அந்த இடங்கள் சனிக்கிழமையோடு நிரம்பிவிட்டன. பொது வார்டுதான், சம்பளமும் குறைவு. இதைச் சஜிதா என்னிடம் சொல்லவில்லை, தேவகனி வழியாக வந்தது. அந்தக் குறைச்சலில் ஜெபமணி இன்னும் எத்தனை வருஷம் கொட்டை உடைக்க வேண்டும் என்று நான் கணக்குப் போடத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆண்கள் ஐக்கியத்தில் நானே கை தூக்கி எழுந்தேன். "போன வாரம் நான் பேசினது தப்பு. அந்தப் பிள்ளைக்க இன்டர்வியூவைக் கெடுத்தது கம்பெனி இல்ல. நான்தான். அவகிட்டக் கேக்காம பூட்டுப் போட்டுட்டு, போன அணைச்சிட்டு, திற்பரப்புல குளிச்சேன்."

முத்துநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். கூடவே எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐஸ் பேக்டரி உருகினது மாதிரியா சார்?" என்றது ஒரு குரல்.

"கடலு எத்தன அங்குலம் ஏறிச்சு ஓய்?" என்றார் குமாரதாஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"நெசமாட்டுத்தான் ஓய் செல்லுதேன்!"

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். போதகர்கூடப் புன்னகை செய்து, தாழ்மை நல்ல குணம் என்றார். முப்பத்துநாலு வருஷம் கடலை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசியவன் ஒருநாள் சரியான அளவைச் சொன்னால் யார் நம்புவார்கள்? முன்வரிசையில் ஜெபமணி மட்டும் சிரிக்கவில்லை. வேதப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

சஜிதா கார்த்திகை மாதம் புறப்பட்டாள். திருவனந்தபுரம் விமானத்துக்குக் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் நான் குளிமுறிக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சட்டையும் வேட்டியும் அப்படியே. குழாயைத் திறந்து வாளியில் விட்டேன், குளிப்பதுபோலச் சத்தம் வர வேண்டுமல்லவா?

"மாமா இல்லியா மாமி?"

"குளிக்காரு."

"காலம்பற துவர்த்தோட நின்னாரே? குளிச்சாச்சுல்லா?"

"மறுபடியும் குளிக்காரு," என்றாள் தேவகனி. என்னைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் நன்றாகச் சொல்லவில்லை.

காலடி குளிமுறிக் கதவுவரை வந்தது. நான் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு சுவரில் ஊற்றினேன்.

"மாமா, நான் போயிட்டு வாறேன்."

"செரி மக்கா. நல்லாப் போயிட்டு வா."

அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று இந்தக் கிழட்டு மனசு நினைத்தது, பாருங்கள்.

"மாமா, அம்மைக்குப் புதுப் போனு வாங்கிக் குடுத்திருக்கேன். அதுல என்னவோ அப்டேட்டு வேணும்னு கேட்டிட்டிருக்கு. நீங்க தொடாண்டாம். அங்க போயி நான் அம்மைக்கே செல்லிக் குடுப்பேன்."

"தொட மாட்டேன்," என்றேன்.

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வாளி நிரம்பி என் வேட்டி நனைகிறவரை குழாயை நான் அடைக்கவில்லை.